சிங்கப்பூரில் கிளாசிக் கார் வாங்கிப் புதுப்பிக்க உண்மையில் எவ்வளவு செலவாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க விரும்பும் நண்பர்களும் உறவினர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பவர் கேட்கும் விலை மொத்தச் செலவின் ஒரு பகுதி மட்டுமே, பல நேரங்களில் அது சிறிய பகுதி. காரின் உடற்கூட்டில் எவ்வளவு துரு இருக்கிறது, எந்தத் திட்டத்தின்கீழ் அதைப் பதிவு செய்யப்போகிறீர்கள், அதை எங்கே நிறுத்திவைப்பீர்கள் என்ற மூன்றும்தான் உண்மையான செலவைத் தீர்மானிக்கின்றன. கீழே வரும் அரசாங்கக் கட்டணங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே முன்பணம் கொடுப்பதற்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் அவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆண்டு பழைய காரைக் கிளாசிக் கார் என்கிறார்கள்?

ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் சேர, முதன்முதலில் பதிவான நாளிலிருந்து குறைந்தது 35 ஆண்டுகள் நிறைவடைந்திருக்க வேண்டும். 1990இல் பதிவான கார் 2025இல்தான் தகுதி பெற்றது. வாகன உரிமைச் சான்றிதழை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் பெற வேண்டிய, காலவரம்புள்ள அனுமதி) புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டப்படும் இருபது, இருபத்தைந்து ஆண்டு பழைய கார்களையும் பேச்சு வழக்கில் கிளாசிக் என்று சொல்லி விற்கிறார்கள். விளம்பரத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும் பதிவு ஆண்டைக் கேளுங்கள். 30 ஆண்டு ஆன காரை வாங்கினால், தகுதி பெறுவதற்கு மீதமுள்ள ஐந்து ஆண்டுகளும் நீங்கள் சாதாரணக் காருக்குரிய கட்டணங்களையே செலுத்த வேண்டியிருக்கும். அந்தத் தொகை காரின் விலையையே தாண்டிவிடலாம்.

கிளாசிக் திட்டத்தில் சேர்ப்பதற்கும் சாதாரணக் காராக வைத்துக்கொள்வதற்கும் செலவில் எவ்வளவு வித்தியாசம்?

மிகப் பெரிய வித்தியாசம். கிளாசிக் திட்டத்தில் வாகன உரிமைச் சான்றிதழுக்கு முழுக் கட்டணத்தில் 10 விழுக்காடு மட்டுமே செலுத்துகிறீர்கள். சாலை வரி எந்திரத்தின் அளவைப் பொறுத்து மாறாமல் ஆண்டுக்கு 310 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்ற ஒரே தொகையாக இருக்கும். இதற்கு ஈடாக ஆண்டில் 45 நாள்கள் மட்டுமே காரைச் சாலையில் ஓட்டலாம். முதல் 28 நாள்களுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. அதற்குமேல் வேண்டிய 17 நாள்களுக்கு, நாளொன்றுக்கு 20 வெள்ளி கொடுத்து ஒருநாள் உரிமம் வாங்க வேண்டும்.

சாதாரணப் பதிவில் வைத்துக்கொண்டால் எல்லா நாளும் ஓட்டலாம். ஆனால் சான்றிதழை மேலும் பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்க, கடந்த மூன்று மாத ஏலக் கட்டணங்களின் சராசரியை முழுமையாகச் செலுத்த வேண்டும். அந்தச் சராசரி 100,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 10,000 வெள்ளி கரைகிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான 'பி' பிரிவுக் கட்டணம் 150,001 வெள்ளி வரை சென்றதை நினைவிற்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுக்கு மட்டும் பாதிக் கட்டணத்தில் புதுப்பிக்கும் வழியும் உண்டு. ஆனால் அந்த ஐந்து ஆண்டு முடிந்தபின் மீண்டும் புதுப்பிக்க முடியாது என்பதால், காப்பாற்றி வைக்க நினைக்கும் காருக்கு அந்த வழி பொருந்தாது. இதற்கும் மேலாக, பத்து ஆண்டுக்கு மேற்பட்ட காரின் சாலை வரி ஆண்டுதோறும் 10 விழுக்காடு ஏறி, 50 விழுக்காட்டில் நிற்கும். 1,600 சிசி கார் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 742 வெள்ளியாக இருக்கும் சாலை வரி அப்போது ஏறத்தாழ 1,114 வெள்ளியாகிவிடும்.

தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்ல ஒரு பழைய காரை நினைப்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: உங்கள் தேவைக்கு எம்ஆர்டி ரயிலையோ சாதாரணக் காரையோ வைத்துக்கொண்டு, கிளாசிக் காரை அதற்குரிய திட்டத்தில் தனியாக வையுங்கள். ஒரே காரிடம் இரண்டு பயனையும் எதிர்பார்த்தால் செலவும் கூடும், காரும் தேயும்.

ஆண்டுக்கு 45 நாள் போதுமா?

வார இறுதியில் ஒருமுறை வெளியே எடுப்பவருக்குப் பெரும்பாலும் போதும். தீபாவளி, பொங்கல், நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணம் ஆகியவற்றுக்கு நாள்களை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிட்டு மீதியைப் பங்கிடுவது நல்லது. பத்து நிமிடம் ஓட்டினாலும் ஒரு நாள் கழிந்துவிடும். பணிமனைக்கு ஓட்டிச் செல்வதும் சாலைப் பயன்பாடே என்பதால், பழுதுகள் அடிக்கடி வரும் முதல் ஓரிரு ஆண்டுகளில் நாள்கள் எதிர்பாராத வேகத்தில் தீர்ந்துவிடும்.

செலவை ஒரு நாளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் மிகவும் உதவும். எடுத்துக்காட்டாக, சாலை வரி 310 வெள்ளி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் கூரையுள்ள இடத்துக்கு மாதம் 110 வெள்ளி வீதம் ஆண்டுக்கு 1,320 வெள்ளி. காப்புறுதிக்கு 700 வெள்ளியும், பரிசோதனை, எண்ணெய் மாற்றம், சிறு பழுதுகள் ஆகியவற்றுக்கு 1,500 வெள்ளியும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,830 வெள்ளி. 28 நாள் மட்டும் ஓட்டினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 137 வெள்ளி விழுகிறது. 340 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து 45 நாளும் ஓட்டினால் அது ஏறத்தாழ 93 வெள்ளியாகக் குறைகிறது. இதில் காரின் விலையும் புதுப்பிப்புச் செலவும் இன்னும் சேரவில்லை. அவை இரண்டும் சேர்ந்து 80,000 வெள்ளியாகி, அதைப் பத்து ஆண்டுகளுக்குப் பரப்பினால், ஒரு நாள் ஓட்டத்தின் செலவு ஏறத்தாழ 270 வெள்ளி. இந்த எண்ணைப் பார்த்த பிறகும் மனம் மாறவில்லை என்றால் தாராளமாக மேலே செல்லுங்கள். இதைப் பார்க்காமல் இறங்குபவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் விற்கத் தேடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் மலிவாக முடியுமா?

இங்கிலாந்திலோ ஜப்பானிலோ ஒரு காரின் விலை இங்குள்ளதைவிடப் பாதியாகத் தெரியலாம். ஆனால் அந்த விலை துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. சாதாரணப் பதிவுக்கு மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரைக் கொண்டுவர அனுமதி இல்லை. கிளாசிக் போன்ற சிறப்புத் திட்டங்கள் அதற்கு விலக்கு. ஆகவே ஆணையத்தின் இசைவு கைக்கு வருவதற்கு முன் வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் அனுப்பாதீர்கள். கார் கப்பலேறிய பிறகு தகுதியில்லை என்று தெரிந்தால், திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதே.

வரிக் கணக்கு இப்படி வரும். காரின் விலை, கப்பல் கட்டணம், வழிக் காப்புறுதி மூன்றும் சேர்ந்து 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 20 விழுக்காடு கலால் வரி, அதாவது 4,000 வெள்ளி. பொருள் சேவை வரி இந்த இரண்டும் சேர்ந்த 24,000 வெள்ளியின்மேல் விதிக்கப்படுகிறது. 9 விழுக்காட்டில் அது 2,160 வெள்ளி. கார் துறைமுகத்தை விட்டு வெளியே வருவதற்குள் 26,160 வெள்ளி ஆகிவிட்டது. பதிவு தொடர்பான கட்டணங்கள், வாகன உரிமைச் சான்றிதழின் 10 விழுக்காடு, இறக்குமதி முகவரின் ஊதியம், பரிசோதனைக் கட்டணம், இழுவை வண்டி ஆகியவை தனி. பதிவுக் கட்டணங்களின் கணக்கை ஆணையத்திடமிருந்து எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள். முகவரின் வாய்மொழி மதிப்பீட்டை நம்பித் திட்டமிட வேண்டாம்.

அனுபவமில்லாதவருக்கு என் பரிந்துரை, சிங்கப்பூரில் ஏற்கெனவே கிளாசிக் திட்டத்தில் பதிவாகியிருக்கும் காரை வாங்குவதே. விலை கூடுதலாகத் தெரிந்தாலும், பதிவுத் தடைகளை ஒருவர் ஏற்கெனவே கடந்து வைத்திருக்கிறார்.

ஊரில் தாத்தா வைத்திருந்த அம்பாசடரைப் போல ஒன்றைக் கொண்டுவரலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் ஆசையை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். நம் குடும்பங்களின் நினைவில் அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் இருக்கும் இடம் வேறு எந்தக் காருக்கும் இல்லை. அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டு. பத்மினியின் மூலம் இத்தாலியின் ஃபியட் 1100. அம்பாசடரின் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை நடந்ததால், உதிரிபாகங்கள் தமிழ்நாட்டில் இன்றும் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கின்றன. வலப்பக்க ஸ்டியரிங் என்பதும் சாதகமே.

சிக்கல் ஆவணங்களில்தான் தொடங்குகிறது. கைமாறிக் கைமாறி வந்த காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள எந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். பல அம்பாசடர்களில் பெட்ரோல் எந்திரத்தைக் கழற்றிவிட்டு டீசல் எந்திரத்தைப் பொருத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட கார் மூல வடிவில் இல்லை என்பதால் அதை இங்கே பதிவு செய்வது கடினமாகும். குடும்பத்தின் சொந்தக் கார் ஊரிலேயே இருக்கிறது என்றால், அதை அங்கேயே புதுப்பித்து, விடுமுறைக்குச் செல்லும்போது ஓட்டுவதையும் எண்ணிப் பாருங்கள். அதே அன்புக்குச் செலவு பல மடங்கு குறைவு.

வாங்குவதற்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

துருவைத்தான். எந்திரம் ஓடவில்லை என்றால் அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு நல்ல மெக்கானிக் ஒரே நாளில் சொல்லிவிடுவார். துருவுக்கு அப்படி யாரும் சொல்ல முடியாது. பெயின்டை உரித்த பிறகே அதன் அளவு தெரியும்.

காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கதவுகளின் அடிப்பகுதி, சக்கர வளைவுகள், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற விளிம்புத் தகடு, முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் அதை வைத்துப் பாருங்கள். தகட்டில் நன்றாக ஒட்டும் காந்தம், பட்டி (குழிகளை நிரப்பும் பசை) தடித்துப் பூசிய இடத்தில் பிடிப்பிழந்து வழுக்கும். பெயின்டின் கனத்தை அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் அது பல நூறு மைக்ரானைக் காட்டினால், அதன் அடியில் எதையோ மூடியிருக்கிறார்கள் என்று பொருள்.

பிறகு தரைவிரிப்பைத் தூக்குங்கள். உள்ளே கையை வைத்தால் ஈரம் ஒட்டுகிறதா, மண் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். ஓட்டுநரின் காலடியில் ஈரம் இருந்தால், முன்கண்ணாடியின் ரப்பரோ தளத் தகடோ கெட்டிருக்கிறது. காரின் அடிவயிற்றில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு பளபளத்தால் மகிழ வேண்டாம். விற்பனைக்கு முந்திய வாரத்தில் பூசப்பட்ட தார்ப்பூச்சு பாதுகாப்பைவிட மறைப்பதற்கே அதிகம் பயன்படுகிறது. சிறிய திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போன தகடு மந்தமாக ஒலிக்கும்.

ஒவ்வொரு மாடலுக்கும் தனிப்பட்ட பலவீனம் உண்டு. மாரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, ட்ரனியன் என்ற உலோகக் குடுவையில் திருகு மரையாக இறங்கியிருக்கும். அதற்குக் கிரீஸ் இடாமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் வெளிப்புறமாகச் சரிந்து கார் தரையில் உட்கார்ந்துவிடும். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே தேய்மானம் கைக்குத் தெரிந்துவிடும். பாகத்தின் விலை அதிகமில்லை, ஆனால் அதைப் பார்க்கத் தெரிந்தவர் உங்களுடன் இருக்க வேண்டும். மெர்சிடிஸ் டபிள்யூ123 வரிசையில் ஜாக்கி வைக்கும் இடங்களும் பேட்டரித் தட்டின் அடியும் முதலில் அரிக்கும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள், 2000க்குப் பின் செய்யப்பட்ட டயர்களில், உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. 1815 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். பள்ளம் குறையாமல் புதிதாகத் தோன்றினாலும், பத்து ஆண்டு கடந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். அதை விலைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடற்கூட்டு வேலைக்கு ஏன் அவ்வளவு செலவு?

மணிக்கணக்கு. ஒரு காரை முழுமையாகக் கழற்றி, பெயின்டை உலோகம் வரை உரித்து, அரித்த தகட்டை வெட்டி எடுத்து, அதே வளைவில் புதிய தகட்டை அடித்து உருவாக்கி வெல்டிங் செய்து, துருத்தடுப்புப் பூச்சு, பட்டி, பிரைமர், தேய்ப்பு, நிறம், மேற்பூச்சு என்று முடித்து, மீண்டும் பூட்டுவதற்குள் ஆயிரம் மணி நேரம் தாண்டுவது வழக்கமே. ஒரு மணி நேர வேலைக்கு 40 வெள்ளி என்று மிகக் குறைவாக வைத்துக்கொண்டாலும் கூலி மட்டும் 40,000 வெள்ளி. இந்தக் கணக்கில் மலிவான கார், விலையுயர்ந்த கார் என்ற பேதம் இல்லை. டாட்சன் 120ஒய்யின் சில்லை மாற்றவும் பென்ஸின் சில்லை மாற்றவும் ஏறக்குறைய அதே நேரம்தான் பிடிக்கும். முடிந்த பிறகு சந்தையில் அவற்றின் விலைதான் வேறு.

விலை மிகக் குறைவாக வரும் மதிப்பீட்டில், அரித்த தகட்டை வெட்டாமல் அதன்மேல் பட்டியோ ஃபைபர் கிளாஸோ பூசி மூடும் வேலை ஒளிந்திருக்கலாம். பளபளப்பில் எந்தக் குறையும் தெரியாது. நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு ஆண்டுக்குள் பெயின்ட் கொப்புளிக்கத் தொடங்கும், அதே வேலைக்கு மீண்டும் ஒருமுறை பணம் கொடுக்க நேரிடும்.

ஆகவே புதுப்பிக்கும் வேலையையே விரும்புகிறவரைத் தவிர மற்றவர்கள், நன்றாகப் புதுப்பிக்கப்பட்டு, வேலையின் படங்களும் ரசீதுகளும் உள்ள காரைத் தங்களால் இயன்ற அதிகபட்ச விலையில் வாங்குவதே சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து. முந்தைய உரிமையாளர் செலவழித்த தொகையில் ஒரு பகுதியை மட்டுமே விலையாகத் திரும்பப் பெறுகிறார். மீதி உங்களுக்கு இலாபம்.

எந்திரமும் உதிரிபாகங்களும்?

அதிக எண்ணிக்கையில் உற்பத்தியான மாடலைத் தேர்ந்தெடுப்பதே இங்கே பெரிய சேமிப்பு. மாரிஸ் மைனர் 16 லட்சத்துக்கு மேலும், டபிள்யூ123 ஏறத்தாழ 27 லட்சமும், பழைய மினி 50 லட்சத்துக்கு மேலும் தயாரிக்கப்பட்டன. அவற்றுக்குப் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குறைவாகத் தயாரான காரில் எந்திரப் பாகத்தைக்கூட எப்படியாவது கடைந்து செய்துவிடலாம். கதவோரக் க்ரோம் பட்டை, பின்விளக்கின் கண்ணாடி, டேஷ்போர்டின் பிளாஸ்டிக் போன்றவற்றுக்குத்தான் உலகம் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். காரில் ஒரு சிறு அலங்காரப் பாகம் இல்லையென்றால், அது எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுங்கள்.

சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. பழைய எந்திரங்கள் பலவற்றில் வெளியேற்று வால்வு உட்காரும் விளிம்பு மென்மையான வார்ப்பிரும்பில் இருக்கும். ஈயம் அந்த விளிம்பைத் தேயாமல் காத்தது. சிலிண்டர் தலையைத் திறக்கும் வேலை வரும்போது கடினப்படுத்திய வால்வு இருக்கைகளையும் போட்டுவிடச் சொல்லுங்கள். தனியாக அதற்கென்று திறப்பதைவிட அப்போது செய்வது மிகவும் மலிவு.

ஜோகூர் பாருவிலோ தமிழ்நாட்டிலோ புதுப்பித்தால் குறையுமா?

கூலி குறையும். கடற்பாலத்துக்கு அப்பால் டிங்கரிங்கும் பெயின்டும் சீட் தைக்கும் வேலையும் நல்ல தரத்தில் சிக்கனமாகக் கிடைக்கின்றன. ஆனால் மேற்பார்வைக்கு நீங்கள் செல்ல வேண்டும். கார் கழற்றிய நிலையில் மாதக்கணக்கில் நிற்கும்போது வாரந்தோறும் போய்ப் பார்ப்பவருடைய வேலை நகரும், பார்க்காதவருடையது மூலைக்குத் தள்ளப்படும். உங்கள் பயணச் செலவையும் விடுப்பு நாள்களையும் கணக்கில் எழுதுங்கள். ஓட்டிச் செல்வதாக இருந்தால் எரிபொருள் தொட்டி முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி பழைய காருக்கும் பொருந்தும். அளவுகாட்டி வேலை செய்யாத காரோடு சோதனைச் சாவடியில் நின்று விளக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

தமிழ்நாட்டில் கூலி இன்னும் குறைவு, கைவினைத் திறமைக்கும் பஞ்சமில்லை. ஆயினும் இரு வழிக் கப்பல் கட்டணம், இரு நாட்டுச் சுங்க நடைமுறை, மீண்டும் உள்ளே வரும்போது வரி விதிக்கப்படுமா என்ற கேள்வி ஆகியவற்றைப் பார்த்தால், முழுக் காரை அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. சீட் உறை, ரேடியேட்டர், ஸ்டியரிங் சக்கரம் போன்ற கழற்றக்கூடிய பாகங்களை மட்டும் அனுப்பிச் செய்து வாங்குவது பயனளிக்கும்.

பணிமனையோடு எப்படி ஒப்பந்தம் செய்துகொள்வது?

சின் மிங், காக்கி புக்கிட், ஊபி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான பணிமனைகள் இருந்தாலும், கார்புரேட்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்யத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படி ஒருவரைக் கண்டால் அவருக்காகக் காத்திருப்பது வீணாகாது.

மொத்தத் தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். உரிப்பு, வெல்டிங், பெயின்ட், எந்திரம், பூட்டுதல் என்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததை நேரில் பார்த்தபின் பணம் கொடுங்கள். பெயின்டை உரித்த பிறகு மதிப்பீட்டை மறுபடி பேசுவோம் என்பதை இரு தரப்பும் முதலிலேயே எழுதிக்கொள்வது நியாயமானது. உள்ளே இருக்கும் துருவுக்குப் பணிமனைக்காரர் பொறுப்பல்ல, அதை அவர் தம் கைப்பணத்தில் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையல்ல. திட்டமிட்ட தொகைக்குமேல் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். அது இல்லாதவர் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

வீவக கார் நிறுத்துமிடத்தில் நானே வேலை செய்துகொள்ளலாமா?

கழுவுவது, துடைப்பது, பேட்டரியைக் கழற்றி மின்னேற்றுவது வரை சரி. எந்திரத்தைக் கழற்றிப் பரப்பும் வேலைக்குப் பொது இடம் ஏற்றதல்ல, அண்டை வீட்டாருக்கும் இடையூறு. சொந்தக் கையால் செய்ய விரும்புபவர் பணிமனையில் ஒரு மூலையை மாத வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். அந்த வாடகையும் புதுப்பிப்புச் செலவே.

ஓடாமல் நிற்கும் காருக்குச் செலவு உண்டா?

ஆண்டில் 320 நாள் நிற்கப்போகும் கார் இது. ஆகவே நிற்பதற்கான செலவே முக்கியமானது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது. திறந்தவெளி இடத்துக்குப் பல பேட்டைகளில் மாதம் 80 வெள்ளி, கூரையுள்ள இடத்துக்கு 110 வெள்ளி. இந்த 30 வெள்ளியை மிச்சம் பிடிக்க நினைத்து வெளியே நிறுத்தினால், ஆண்டுக்கு மிஞ்சும் 360 வெள்ளியைப்போல் பல மடங்கு பெயின்டுக்கும் ரப்பருக்கும் போய்விடும். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்தால் இரண்டாவது காருக்கான கட்டணம் கூடுதலாக இருக்கும்.

பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. உறிஞ்சிய நீர் சக்கர சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும், பிஸ்டன் இறுகிவிடும். ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். நீர் புகாத பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினால் உள்ளேயே ஈரம் வியர்த்து நிற்கும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது.

காப்புறுதியில் எதைக் கவனிக்க வேண்டும்?

சந்தை மதிப்பு என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், விபத்துக்குப்பின் காப்புறுதி நிறுவனம் தீர்மானிக்கும் தொகையே கிடைக்கும். பழைய காருக்கு அது மிகக் குறைவாக இருக்கலாம். ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பு என்ற முறையில், தொகையை முன்கூட்டியே இரு தரப்பும் முடிவு செய்துகொள்கின்றன. சந்தா சற்றுக் கூடினாலும் இதையே தேடுங்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கையும், வேலை நடந்தபோது எடுத்த படங்களும், ரசீதுகளும் இதற்குத் தேவைப்படும்.

கடன் வாங்கி வாங்கலாமா?

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி வாகனக் கடன் காரின் விலையில் 60 அல்லது 70 விழுக்காட்டுக்கு மேல் போகாது, ஏழு ஆண்டுக்கு மேல் நீளாது. புதுப்பிப்புச் செலவுக்கு அந்தக் கடன் பொருந்தாது. மீதியைத் தனிநபர் கடனில் வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிள்ளைகளை ஏற்றிச் செல்ல முடியுமா?

1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களை ஏற்றிச் செல்ல, பொருத்தமான குழந்தை இருக்கையோ உயரத்துக்கேற்பச் சரிசெய்யக்கூடிய வார் அமைப்போ கட்டாயம். பின்னிருக்கையில் வார் இல்லாத கார்களில் அந்த இருக்கையைப் பூட்ட வழியில்லை. வார்களைப் பொருத்த, தளத் தகட்டில் வலுவான பிடிப்பு வேண்டும், அந்தத் தகடு அரித்திருக்கவும் கூடாது. குடும்பத்தோடு செல்ல நினைத்தால் இந்த வேலையையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாமா?

தனிப்பட்ட பயன்பாட்டுக்கான காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. 45 நாள் வரம்பும் இருக்கிறது. உறவினர் மகளின் திருமணத்துக்கு மாலை சூட்டி ஓட்டிச் செல்வது வேறு, அது இந்தக் கார்களுக்கு அமையும் மிக நல்ல நாள்களில் ஒன்று. ஆனால் இதிலிருந்து வருமானம் வரும் என்று கணக்கில் எழுதாதீர்கள்.

முதலீடாக நினைத்து வாங்கலாமா?

சில கார்களின் விலை ஏறியிருப்பது உண்மை. ஆனால் விலை ஏற்றத்தைச் சொல்பவர்கள் நிறுத்துமிடக் கட்டணத்தையும் காப்புறுதியையும் பழுதுச் செலவையும் கழித்துச் சொல்வதில்லை. முன்பு பார்த்த 3,830 வெள்ளியைப் பத்து ஆண்டுக்குப் பெருக்கினால் 38,300 வெள்ளி. விலை அந்த அளவுக்கு ஏறினால்தான் நட்டமில்லாமல் நிற்கும். புதுப்பிப்புச் செலவு விற்பனையில் முழுமையாகத் திரும்புவது அரிது. சிங்கப்பூரில் வாங்குபவர்களின் எண்ணிக்கை குறைவு என்பதால், விற்க நினைத்தவுடன் விற்கவும் முடியாது.

பாதியில் நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது?

பிரித்துப்போட்ட காரின் விலை, ஓடாத முழுக் காரின் விலையைவிடவும் குறைவு. வாங்குபவர் எதெல்லாம் காணாமற்போயிருக்கும் என்ற அச்சத்தையும் விலையில் கழித்துவிடுவார். அந்த இழப்பைக் குறைக்க, கழற்றும் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்குமுன் படமெடுங்கள். திருகாணிகளைச் சிறு பைகளில் போட்டு, எந்த இடத்துக்குரியவை என்று எழுதி ஒட்டுங்கள். எந்தப் பாகமும் பணிமனையின் பொதுப் பெட்டியில் கலக்காமல் பாருங்கள். நிறுத்துவது என்று முடிவானால் முதலில் வெல்டிங் வேலையை முடித்து, பிரைமர் பூசி, சக்கரங்களில் நகரும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு நிறுத்துங்கள். பிரைமர் மட்டும் பூசிய தகடு ஈரத்தை உள்ளே விடும் என்பதால், நீண்ட நாள் நிற்பதானால் ஈரம் புகாத எப்பாக்சி பிரைமரையே கேட்டுப் பூசச் செய்யுங்கள். பதிவு, சாலை வரி, காப்புறுதி ஆவணங்களைக் காலாவதியாகாமல் வைத்திருந்தால், அடுத்து வாங்குபவர் வேலையை அங்கிருந்தே தொடர முடியும், உங்களுக்கும் ஏற்றுக்கொள்ளத்தக்க விலை கிடைக்கும்.